மதிலுக்கு வெளியே

அமலோற்பவத்தைக் காரைக்காலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் சிலர்தான். பிரெஞ்சுக்காரர் 'ஒப்பித்தால்' என்கிற அவர்கள் ஆஸ்பத்திரியில் பேறுகாலம் பார்ப்பவள் என்பதால் ஊருக்கு அவள் 'ஒப்பித்தாலம்மா'. கோட்டுச்சேரியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டிப் போவார்கள். மண்டபத்தூர் மீனவர்கள் மணலில் நடத்தியே அழைத்துப் போவார்கள். ஆஸ்பத்திரி என்றாலே பயந்த வீடுகள் அப்போது நிறைய. அந்த வீடுகளுக்கு அவளே போனாள். உயரமான உடம்பு, பெரிய கைகள், குறைந்த பேச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் பெண்களிடம், நன்றாகக் கத்து, இதில் என்ன வெட்கம் என்பாள். அதற்கு மேல் ஆறுதல் வார்த்தை ஒன்றும் அவளிடம் கிடையாது. ஆனால் அவள் உள்ளே வந்துவிட்டால் பெண்களுக்குப் பாதிப் பயம் போய்விடும் என்று சொல்லிக்கொள்வார்கள்.

தாய் தகப்பன் இல்லாமல் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். தொழிலையும் கன்னியர்களிடமே கற்றாள். அவர்கள் கற்றுக்கொடுத்தவற்றில் தொழிலோடு சேராத ஒன்றும் இருந்தது. பிழைக்காது என்று தெரிகிற பிள்ளைக்குச் சாமியார் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் பேரைச் சொல்லி அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். வேறு மதத்து வீடாக இருந்தால் முகம் துடைப்பதுபோல ஈரத்துணியை நெற்றியில் வைத்து வாய்க்குள் சொல்லிக்கொள்ளலாம். ஞானஸ்நானம் இல்லாமல் சாகிற சிசுவுக்கு வேதனை ஒன்றும் இல்லை, ஆனால் அது ஆண்டவரின் முகத்தை என்றைக்கும் பார்க்காது என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தாள். அதனால் ஒரு பிள்ளையின் நெற்றியையும் அவள் விட்டதில்லை. இந்து வீடோ முஸ்லிம் வீடோ, அந்தத் தாய்மாருக்குத் தெரியாமலே நனைத்துவிட்டு, ஒரு ஜீவனை உள்ளே அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதியோடு வீடு திரும்புவாள்.

கணவன் தைரியநாதன் பிரெஞ்சு சர்க்கார் சிப்பாய். வடக்கே பூவத்தில், எல்லைச் சாவடியில் அவனுக்கு வேலை. அவளைவிடவும் பேசாதவன். கல்யாணமாகி நெடுங்காலம் பிள்ளையில்லை. வருஷா வருஷம் செப்டம்பர் திருநாளுக்கு இருவரும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில்தான் வயிற்றில் ஒன்று தங்கியது. பெண்ணானால் ஆரோக்கியம் என்று பெயர் வைப்பதென்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை புயல் அடித்தது. தைரியநாதன் சாவடியில் இருந்தான். அமலோற்பவத்துக்கு எட்டு மாதம். பூசைக்குப் போக முடியாமல் வீட்டில் தனியாக இருந்தாள். பகலிலேயே இருட்டிவிட்டது. ஓடுகள் முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு வரிசை வரிசையாகவும் பறந்தன. அரசலாற்றுக்குள் கடல் ஏறி, ஆறு தெருவுக்குள் ஏறி, முழங்கால் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. அடுப்படிச் சுவர் சாய்ந்தபோது அதற்குத் தப்பி ஓடியவள் வழுக்கி விழுந்தாள். விழுந்த இடத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் அமீர் நிஷா இருந்தார். கணவர் சைகோனில் கடை வைத்திருந்தார். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அமலோற்பவம் அவரை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடுவாள். சத்தம் கேட்டு, வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துக் கட்டிக்கொண்டு, புயலில் இடிந்துபோன கொல்லைச் சுவரின் மேல் ஏறி அமீர் நிஷா வந்தார். அமலோற்பவத்தைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். அடுத்தவளுக்குச் சொல்வதுபோலவே அமலோற்பவம் தனக்கு நடக்க வேண்டியதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதைப் பிடிப்பது, எதை இழுக்கக் கூடாது, எங்கே கட்டுவது. உதிரம் போகப் போக அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. பிள்ளை வெளியே வந்தபோது அவளுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது காற்று அடங்கியிருந்தது. அமீர் நிஷா கட்டிலின் ஓரத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய துப்பட்டியில் சுற்றிய சிறு பொட்டலம். பெண் பிள்ளை, உயிரோடுதான் பிறந்தது, மெல்லிசாக அழவும் அழுதது, காற்று திசை மாறி அடிக்கும்வரை மூச்சு இருந்தது என்று அவர் சொன்னார். துடைத்து, மாரோடு அணைத்துச் சூடு கொடுத்து, தனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதிப் பார்த்திருக்கிறார்.

"அல்லா அதுக்கு ஹயாத்து அவ்வளவுதான் குடுத்திருக்கான், தங்கச்சி" என்றார்.

அமலோற்பவம் பிள்ளையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். வீடு முழுக்கத் தண்ணீர் நின்றது. பாத்திரங்கள் அதில் மிதந்தன. ஒரு கை அள்ளி ஊற்ற எத்தனை நேரம் ஆகியிருக்கும். அமீர் நிஷாவே ஊற்றியிருக்கலாம். அவசரத்துக்கு யார் கொடுத்தாலும் செல்லும் என்றுதான் கன்னியர்கள் சொல்லியிருந்தார்கள், முஸ்லிமானாலும் இந்துவானாலும். எதை எதையோ சொல்லிக்கொடுத்தவள் அந்த ஒன்றைச் சொல்லாமல் மயங்கிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் தைரியநாதன் சாய்ந்த மரங்களை ஏறித் தாண்டி வந்து சேர்ந்தான். பிள்ளையை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனான். பங்குச் சாமியார் வயதான வெள்ளைக்காரர், நல்ல மனிதர். வீடிழந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். துணியை விலக்கிப் பார்த்துக் கண் கலங்கினார். ஞானஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டார். இல்லை என்றான். சாமியார் துணியை மறுபடி மூடினார். பிறகு, மந்திரித்த பூமியில், கல்லறைத் தோட்டத்துக்குள், அடக்கம் செய்யச் சட்டம் இடம் தராது என்றார். கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே, தாழம்புதர் ஓரமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். தைரியநாதன் அங்கே குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தான். சிலுவை கிடையாது. அடையாளத்துக்கு ஓர் ஓட்டுத் துண்டை நட்டுவைத்தான்.

அமலோற்பவம் எழுந்து நடமாடப் பொங்கல் ஆகிவிட்டது. நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு புருஷனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? யாரு பாத்தா?"

"சாமியார்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றான் அவன். "அப்புறம் அந்தப் பொய் மேல நின்னுக்கிட்டு என்னன்னு ஜெபம் பண்றது?"

அவளுக்கு அது பதிலாகப் படவில்லை. பல நாள் அவனோடு பேசாமல் இருந்தாள்.

வேலைக்குத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போனாள், ஆனால் கடைசியில் வாசலை ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்க எழுந்து போகமாட்டாள். நன்மை வாங்கச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதற்கு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. ஆண்டவர் மேல் கோபம் என்று சொல்லலாம். கோபமாக இருந்தால் பரவாயில்லை. சில நாள், அந்தப் பக்கத்தில் யாருமே இல்லையோ என்றுகூட இருந்தது. மடத்தில் சின்னப் பெண்ணாக ஜெபம் சொல்லும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்து கேட்பதுபோல அவளுக்குத் தோன்றும். இப்போது சொன்னால் வெறும் சுவரில் படுவதுபோல இருந்தது. அதனால் சொல்வதை விட்டுவிட்டாள். பூசைக்குப் போவதை ஏன் விடவில்லை என்று பிற்பாடு யாரோ கேட்டதற்கு, வேறு எங்கே போய் உட்காருவது என்று சொன்னாளாம்.

வீட்டில் தைரியநாதன் சாயங்கால ஜெபமாலையை நிறுத்தவில்லை. ஜெபமாலை இரண்டு பேர் சொல்கிறது. மாதாவை வாழ்த்தும் மங்கள வார்த்தை ஜெபத்தின் முதல் பாதியை ஒருவர் சொன்னால் அடுத்த பாதியை மற்றவர் சொல்ல வேண்டும். அவன் தன் பாதியைச் சொல்லிவிட்டு, அவள் சொல்கிற நேரத்துக்குச் சற்று நிறுத்துவான். அவள் வாய் திறக்கமாட்டாள். பிறகு அவள் பாதியையும் தானே மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போவான். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பாள். கேட்காததால் அடுப்படியில் ஏதாவது வேலையைச் செய்துகொண்டே காதில் விழவிட்டாள்.

அந்தக் காலத்தில் அவள் மனசு விட்டுப் பேசியது அமீர் நிஷாவிடம்தான். இருவரும் சேர்ந்து கொல்லைச் சுவரை மறுபடி எழுப்பவேயில்லை. இடிந்த இடத்தின் வழியாகவே போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தபோது அமீர் நிஷா சொன்னார், தங்கள் மார்க்கத்தில் பச்சைப் பிள்ளையாக மவுத்தானவர்கள் நேராகச் சுவனத்துக்குத்தான் போவார்கள், அங்கே வாசலில் நின்று தாயைக் கைபிடித்து உள்ளே இழுத்துப் போவார்கள் என்று. அமலோற்பவம் கீரையைப் போட்டுவிட்டு அவரையே பார்த்தாள். மண்டபத்தூரிலும் அப்படித்தான். அங்கே இறந்த பெண் பிள்ளைகளைக் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் இடம் இருக்கிறது. தன் பிள்ளைக்கு மட்டும்தான் கதவு சாத்தியிருக்கிறது. அதுவும் தான் பிறந்ததிலிருந்து நம்பின ஆண்டவரே சாத்தியிருக்கிறார்.

"நான் உங்க மார்க்கத்துக்கு வந்துட்டா, எம் புள்ளயும் அங்க இருக்குமா லாத்தா?" என்று கேட்டாள்.

கேட்டது விளையாட்டல்ல என்று அமீர் நிஷாவுக்குத் தெரிந்தது.

"அல்லாவத் தேடி வந்தீங்கன்னா வாங்க, வேணாம்னு சொல்லமாட்டேன்" என்றார். "புள்ளயத் தேடி வராதீங்க. நாளைக்கு இன்னொருத்தர் இன்னும் நல்ல இடமாச் சொன்னா அங்கயும் போவீங்க. அது உங்களுக்கும் அழகில்ல, அவனுக்கும் அழகில்ல."

அந்தப் பதிலுக்காக அமலோற்பவம் ஆயுசு முழுக்க அவரை மதித்தாள். அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஐம்பத்து நாலு கோடையில் வரிச்சிக்குடியிலிருந்து மிக்கேல் என்ற கூலியாள் ஓடி வந்தான். அவன் மனைவி சந்தனமேரிக்கு முதல் பிரசவம். குழந்தை குறுக்காக நின்று, மிகுந்த பாடுபட்டு வெளியே வந்தது. ஆண் பிள்ளை. நீலம் பாரித்திருந்தது. அமலோற்பவம் வாயைத் துடைத்தாள், தலைகீழாகப் பிடித்தாள், முதுகில் தட்டினாள், தன் மூச்சை ஊதினாள். எப்போதாவது ஒரு மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பிழைக்காது என்று அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. சந்தனமேரி படுத்த இடத்திலிருந்தே அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"தண்ணி ஊத்திடுங்கம்மா" என்றாள்.

மிக்கேல் செம்பைக் கொண்டுவந்து நீட்டினான். அமலோற்பவம் வாங்கவில்லை. எத்தனையோ தடவை யோசிக்காமல் செய்த காரியம். இப்போது ஊற்றினால், ஊற்றாத பிள்ளை வெளியேதான் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகும். ஊற்றாவிட்டால், ஒருவேளை அது உண்மையாக இருந்தால்? தன் கோபத்துக்காக இன்னொருத்தியின் பிள்ளையையும் வெளியே நிறுத்தியதாகும். மிக்கேல் செம்பை நீட்டியபடியே நின்றான். அவள் வாங்கினாள். மூன்று தரம் ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தெளிவாக, பெற்றவளுக்குக் கேட்கும்படி சொன்னாள். என்ன பெயர் என்று கேட்டாள். சவரிமுத்து என்றான் மிக்கேல். தான் அதை நம்பிச் சொல்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நம்புகிறவர்கள் கேட்டார்கள், சொன்னாள்.

பிள்ளை அவள் கையிலேயே அடங்கியது. மறுநாள் மதிலுக்கு உள்ளே அடக்கம் நடந்தது. அமலோற்பவமும் போயிருந்தாள். சந்தனமேரிக்குப் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. சின்னஞ்சிறு குழி, அதன் தலைமாட்டில் மூங்கில் சிலுவை. எல்லாரும் போன பிறகு மதிலை எட்டிப் பார்த்தாள். தாழம்புதர் வளர்ந்து அந்தத் துண்டு நிலத்தின் பாதியை மூடியிருந்தது.

அங்கிருந்து நேரே சாமியார் பங்களாவுக்குப் போனாள். பழைய சாமியார் மாற்றலாகிப் போய், ஞானாதிக்கம் சாமி என்ற தமிழர் வந்திருந்தார். நடுத்தர வயது, திக்கிப் பேசுகிறவர். பிரசங்கம் நன்றாயில்லை என்று ஊரில் குறை சொன்னார்கள். வராந்தாவில் நின்றுகொண்டே அமலோற்பவம் எல்லாவற்றையும் சொன்னாள். புயல், துப்பட்டி, மதில், ஜெபம் சுவரில் படுவது, நேற்று நம்பிக்கையில்லாமல் ஞானஸ்நானம் கொடுத்தது. கடைசியில் கேட்டாள், அமீர் நிஷா தண்ணீரால் துடைத்துத் தன் ஆண்டவனைக் கூப்பிட்டிருக்கிறாரே, அது போதாதா என்று.

சாமியார் அவளை உட்காரச் சொன்னார். மிக்கேல் பிள்ளைக்குக் கொடுத்தது செல்லும், ஊற்றுகிறவரின் மனநிலையால் அது கெடாது, அதைப்பற்றிக் கவலை வேண்டாம் என்றார். அமீர் நிஷா செய்தது ஞானஸ்நானம் ஆகாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பெற்றவர்களின் ஆசையே அந்தப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமாகும் என்று எழுதிய வேதசாஸ்திரிகளும் உண்டு, ஆனால் சபை அப்படிக் கற்பிக்கவில்லை என்றார்.

"அப்ப எம் புள்ள எங்க சாமி இருக்கு?"

"எ... எனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர். "தெரிஞ்ச மாதிரி பேச எனக்கு மனசு வரல. ஆண்டவர் இரக்கமுள்ளவர்னு தெரியும். அந்த இரக்கம் எங்க முடியுதுன்னு எனக்கு யாரும் காட்டினதில்ல."

இதைக் கேட்டு அவளுக்கு நிம்மதி வந்துவிடவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில், வெகு நாளைக்குப் பிறகு ஒருவர் தன்னிடம் பொய் சொல்லவில்லை என்று நினைத்தாள். புருஷனும் அன்றைக்குப் பொய் சொல்ல மறுத்தவன்தானே என்பது கூடவே ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் வராந்தாவில் நடந்ததைத் தைரியநாதனிடம் சொன்னாள். அவன் ஜெபமாலையைக் கையில் எடுத்தான்.

"நான் அவளப் பொதச்சப்போ ஒண்ணு நெனச்சேன்" என்றான் பிறகு. "உங்கிட்ட சொல்லல, நீ பேசாம இருந்த. ஆண்டவரையும் ஊருக்கு வெளியதானே கொண்டுபோய் சிலுவையில அறஞ்சாங்க. உள்ள எடம் குடுக்கலியே. அவர் இருக்கிற எடம் நம்ம புள்ளைக்குக் கிட்டக்கன்னுதான் எனக்குத் தோணுச்சு. அத நெனச்சுக்கிட்டுத்தான் மண்ணத் தள்ளுனேன். இல்லன்னா கை வந்திருக்காது."

பிள்ளை செத்ததைப்பற்றி அவன் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. ஒன்றரை வருஷமாக அவனும் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் ஜெபமாலையைத் தொடங்கினான். தன் பாதியைச் சொல்லிவிட்டு வழக்கம்போல நிறுத்தினான். அவள் தன் பாதியைச் சொன்னாள். எல்லா மணிக்கும் சொல்ல முடியவில்லை. அவள் விட்டவற்றை அவன் சொன்னான்.

அந்த நவம்பர் முதல் தேதி காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. புனிதர் எல்லாரையும் நினைக்கிற சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாளும் அன்றைக்குத்தான். தெருவெல்லாம் தோரணம், மேளம், பட்டாசு. பூவத்துச் சாவடியில் இனி யாரையும் நிறுத்தி விசாரிக்க வேண்டியதில்லை என்று தைரியநாதன் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். மறுநாள் கல்லறைத் திருநாள். ஊர் இன்னும் அந்தச் சந்தோஷத்தில்தான் இருந்தது. கிறிஸ்தவர்கள் மட்டும் விடிகாலையில் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள்.

அமலோற்பவம் அவர்களோடு வாசல்வரை போய், உள்ளே நுழையாமல் மதிலைச் சுற்றிக்கொண்டு போனாள். தைரியநாதன் அரிவாளோடு முன்னால் போய்த் தாழையை வெட்டி வழி செய்தான். ராத்திரி மழை பெய்திருந்ததால் தரை சேறாக இருந்தது. ஓட்டுத் துண்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் வத்தியை நட்டு, இருவரும் சேற்றில் முழங்கால் போட்டார்கள். உள்ளேயிருந்து சாமியார் லத்தீனில் பாடி மந்திரிக்கும் குரல் மதிலுக்கு மேலே கேட்டது. அமலோற்பவம் ஜெபம் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் தன் வார்த்தையில் பேசினாள். நீர் ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டாள். என்னை விட்டால் இவளுக்குக் கேட்க யாரும் இல்லை, அதனால் நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன் என்றாள். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் எதிரே சுவர் இல்லை, கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் இருந்தது. அது தன் ஆசையாகக்கூட இருக்கலாம் என்றும் நினைத்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று எழாமலே இருந்தாள்.

சேற்றில் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். சந்தனமேரி வந்துகொண்டிருந்தாள். உள்ளே மகன் குழியில் ஒரு வத்தியை ஏற்றிவிட்டு, இன்னொன்றைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு சுற்றி வந்திருக்கிறாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அமலோற்பவத்தின் பிள்ளை இங்கே இருப்பது ஊரே அறிந்தது. அவள் வத்தியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடவே முழங்கால் போட்டாள். சற்றுப் பொறுத்து மேலத்தெருப் பெண் ஒருத்தி மதில் ஓரமாக வந்து தயங்கி நின்றாள். அவளுக்கும் இந்த நிலத்தில் எங்கோ ஒன்று இருந்தது. எந்த இடம் என்று அவளுக்கே மறந்துவிட்டது. தைரியநாதன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

மந்திரிப்பு முடிந்து ஞானாதிக்கம் சாமி உடுப்போடு வாசலுக்கு வந்தவர் அவர்களைப் பார்த்தார். நிலத்தை அவர் மந்திரிக்கவில்லை, அதற்கு அவருக்கு உத்தரவில்லை. அவர்களோடு நின்று பரலோக மந்திரத்தைத் திக்கித் திக்கிச் சொன்னார். உமது சித்தமே ஆகட்டும் என்கிற இடம் வந்தபோது அமலோற்பவம் நிறுத்திவிட்டாள். அந்த வரியைச் சொல்ல அவளுக்கு இன்னும் சில வருஷம் ஆயிற்று. மற்ற வரிகளைச் சொன்னாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்து நன்மை வாங்கினாள். கோயிலில் வாசல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள், அது பழகிப்போய்விட்டது. தொழிலில் இரண்டு காரியங்களை மாற்றிக்கொண்டாள். கிறிஸ்தவ வீடுகளில், வலி எடுப்பதற்கு முன்பே, வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் தண்ணீர் எப்படி ஊற்றுவது, என்ன சொல்வது என்று சொல்லிவைத்தாள். மற்ற வீடுகளில் பெற்றவளுக்குத் தெரியாமல் நெற்றியை நனைப்பதை விட்டுவிட்டாள். இதற்காக மடத்துக் கன்னியர்கள் அவளைக் கண்டித்தார்கள். அந்தப் பிள்ளைகளை ஆண்டவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், திருட்டுத்தனமாக ஒப்படைக்க வேண்டியதில்லை என்று அவள் சொன்னதாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்ன பிறகு, தான் சொன்னது சரிதானா என்று இரண்டு நாள் தூங்காமல் கிடந்தாள் என்பதும் உண்மை.

சந்தேகம் முழுதாக அவளைவிட்டுப் போகவில்லை. மழைக்காலத்தில் காற்று உரத்து வீசினால் அது திரும்பி வரும். சில வாரம் ஜெபம் மறுபடியும் வெறுமையாக இருக்கும். அப்போதெல்லாம், சரியான பிறகு போகலாம் என்று காத்திருக்காமல், இருக்கிற நிலையிலேயே கோயிலுக்குப் போய் உட்காருவாள். அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

ஐம்பத்தெட்டில் மண்டபத்தூரில் காத்தமுத்து என்ற மீனவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவர் மனைவி அஞ்சுகத்துக்கு மூன்றாவது பிரசவம். பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. அமலோற்பவம் அதை எடுத்து, கழுவி, துணியில் சுற்றித் தாயின் கையிலேயே கொடுத்தாள். பார்க்கக் கூடாது என்று பெண்கள் தடுத்தார்கள். பார்க்கட்டும் என்றாள். அஞ்சுகம் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்கம்மா போயிருக்கும்?" என்று கேட்டாள்.

சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்று சொன்னார்கள். அஞ்சுகம் அமலோற்பவத்தையே பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் அமலோற்பவம். "தனியா இருக்காதுன்னு நம்புறேன். எனக்கும் ஒண்ணு அப்படி இருக்கு."

அன்றைக்கு அவள் உடனே கிளம்பவில்லை. படகுகள் கரை திரும்பும்வரை அஞ்சுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குடிசையிலேயே இருந்தாள். காத்தமுத்து கடலிலிருந்து வந்து விஷயம் தெரிந்து வாசலில் உட்கார்ந்து அழுதபோது, உள்ளே போய் அவளிடம் உட்காருங்க, அழுவதானால் அவள் பக்கத்தில் அழுங்க என்று சொல்லி அனுப்பினாள். பிறகு அவர்கள் கொடுத்த மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயுமுன் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு நடந்தாள்.